பெண்களைப் பற்றிய ஆவணப்படங்களை இலவசமாகத் திரையிடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

அனுமதி இலவசம் என்று போஸ்டர் ஒட்டிவிட்டால் பெண்கள் வந்துவிடுவார்கள் என்ற கணக்கு அநேகமாகத் தப்பும். ஒரு பெண் படம் பார்க்க வீட்டை விட்டுக் கிளம்ப ஆகும் செலவில் டிக்கெட் சிறு பங்குதான். குழந்தையை யார் பார்ப்பது, திரும்பிப் போக வண்டி கிடைக்குமா, ஹாலில் கழிப்பறை உண்டா, எல்லாம் ஆண்கள் கூட்டமாக இருக்குமா? இதற்கெல்லாம் பதில் இல்லாத திரையிடலுக்கு ஏற்கெனவே விஷயம் தெரிந்த இருபது பேர்தான் வருவார்கள். யாருக்காகப் படம் போடுகிறீர்களோ அவர்கள் வரமாட்டார்கள். அதனால் கீழே வரும் ஒவ்வொரு முடிவையும் கடைசி வரிசையில், வாசலுக்குப் பக்கத்தில், சீக்கிரம் கிளம்ப வேண்டிய ஒரு பெண்ணை மனத்தில் வைத்தே எடுங்கள்.

எட்டு வாரம் முன்பே தொடங்குவது நல்லது. ஆறு வாரத்திலும் முடிக்கலாம். அதற்கும் குறைந்தால் உரிமம் கைக்கு வருவதற்குள் தேதி வந்துவிடும்.

1. முதலில் பார்வையாளர், பிறகு படம்

நல்ல படம் ஒன்றைப் பார்த்துவிட்டு அதை எல்லோருக்கும் காட்ட வேண்டும் என்ற ஆசையில்தான் பலரும் தொடங்குகிறார்கள். வரிசையை மாற்றுங்கள். யார் வரப்போகிறார்கள்? கல்லூரி மாணவிகளா, சுய உதவிக் குழுவினரா, தொழிற்சங்கத்துப் பெண்களா, அக்கம்பக்கத்துக் குடும்பங்களா? அவர்கள் எந்த மொழியை வேகமாகப் படிப்பார்கள்? எவ்வளவு நேரம் உட்கார முடியும்? இந்த மூன்றும் தெரிந்தால் படப்பட்டியலில் முக்கால்வாசி தானாகவே கழிந்துவிடும்.

படத்தின் நீளம் பலர் நினைப்பதைவிட முக்கியம். மொத்த நிகழ்ச்சி இரண்டே கால் மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. அதில் கலந்துரையாடலுக்கு 40 நிமிடம் வேண்டும். வரவேற்பு, இடைவெளி, தாமதம் எல்லாம் போக படத்துக்கு 60 முதல் 80 நிமிடம் மிஞ்சும். லைபீரியாவில் உள்நாட்டுப் போரை நிறுத்தச் சொல்லித் திரண்ட பெண்களைப் பற்றிய 'ப்ரே த டெவில் பேக் டு ஹெல்' (2008) 72 நிமிடம். இந்த அளவுக்குச் சரியாகப் பொருந்தும். சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் அவர்களுடைய மனைவிமார் முன்னணிக்கு வருவதைக் காட்டும் 'ஹார்லன் கவுண்டி யு.எஸ்.ஏ.' (1976) அருமையான படம்தான், ஆனால் 103 நிமிடம் ஓடும். அதைப் போட்டால் பேச்சுக்கு நேரம் இருக்காது. வார நாள் மாலையென்றால் அரை மணி நேரக் குறும்படமே சிறந்தது. மாதவிடாய் குறித்த 'பீரியட். எண்ட் ஆஃப் சென்டன்ஸ்.' (2018) வெறும் 26 நிமிடம். அதன்பின் ஒரு மணி நேரம் பேசினாலும் எல்லோரும் வேளைக்கு வீடு போய்ச் சேரலாம்.

பெண்களின் தலைமையைச் சொல்லும் படம் என்றவுடன் பிரதமர், நீதிபதி, நிறுவனத் தலைவர் என்று தேடாதீர்கள். உயரத்துக்குப் போன ஒரு தனிப்பெண்ணின் கதை கைதட்டலோடு முடிந்துவிடும். "அவங்க வேற, நாம வேற" என்று பார்வையாளர்கள் எழுந்து போவார்கள். கூட்டாகச் சேர்ந்து ஒரு காரியத்தைச் சாதித்த, அல்லது சாதிக்க முடியாமல் போன பெண்களின் படம்தான் பேச்சைக் கிளப்பும். தோல்வியில் முடியும் படங்களை ஒதுக்க வேண்டாம். எந்த இடத்தில் தவறிற்று என்று பார்ப்பதில் கூட்டத்துக்கு நல்ல பிடிப்பு வரும்.

தேர்ந்தெடுத்த படத்தை முழுதாக இரண்டு முறை பாருங்கள். முதல் முறை சும்மா பாருங்கள். இரண்டாவது முறை கையில் பேனாவோடு உட்கார்ந்து, வன்முறை, பாலியல் தாக்குதல், பிரசவம், தற்கொலைப் பேச்சு வரும் இடங்களை நிமிடக் கணக்கோடு குறியுங்கள். பார்வையாளர்களுக்கு முன்னெச்சரிக்கை தர இந்தக் குறிப்பு தேவைப்படும். குழந்தைகளை ஹாலுக்குள் விடலாமா என்பதையும் இதை வைத்தே முடிவு செய்யலாம். கலந்துரையாடலுக்கு ஏற்ற மூன்று காட்சிகளையும் அப்போதே தேர்ந்துகொள்ளுங்கள்.

2. உரிமம்: இலவசம் என்றாலும் வேண்டும்

இங்கேதான் அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள். கட்டணம் வாங்கவில்லை, லாபம் இல்லை, ஆகவே அனுமதி தேவையில்லை என்பது தவறு. டிவிடி வாங்கினால் கிடைப்பது வீட்டில் பார்க்கும் உரிமை. ஸ்ட்ரீமிங் சந்தாவும் அப்படித்தான். யூடியூபில் படம் கிடக்கிறது என்பதாலேயே ஹாலில் போட உரிமை வந்துவிடாது. ஏற்றியவரே உரிமையாளரா என்பதுகூடப் பல நேரம் சந்தேகம்தான். பொதுவில் திரையிடும் உரிமை என்பது தனி. அதைத் தனியாகக் கேட்டு, எழுத்தில் வாங்க வேண்டும்.

யாரிடம் கேட்பது? படத்தின் கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலில் தயாரிப்பு நிறுவனமும் விநியோகஸ்தரும் இருப்பார்கள். படத்துக்கு வலைத்தளம் இருந்தால் 'திரையிடல் நடத்த' என்று ஒரு பக்கம் இருக்கும். இயக்குநருக்கே எழுதினாலும் தவறில்லை. ஆனால் உரிமையை அவர் விநியோகஸ்தருக்கு விற்றிருந்தால் அவருடைய சம்மதம் மட்டும் போதாது.

மின்னஞ்சலைச் சுருக்கமாக எழுதுங்கள். இவை அனைத்தும் அதில் இருக்கட்டும்:

- அமைப்பின் பெயர், லாப நோக்கம் உண்டா இல்லையா
- தேதி, நேரம், இடம், இருக்கை எண்ணிக்கை
- அனுமதி இலவசம் என்பது. நன்கொடைப் பெட்டி, விளம்பரதாரர் உண்டா என்பது
- ஒரு முறையா, பல முறையா
- பொதுமக்களுக்கா, உறுப்பினர்களுக்கு மட்டுமா
- எந்த மொழி சப்டைட்டில் வேண்டும். நீங்களே தமிழில் தயாரிப்பதானால் அதற்கான அனுமதி
- கோப்பாக வேண்டுமா, டிஸ்க்காகவா
- போஸ்டரில் போடப் படங்கள், முன்னோட்டம் கிடைக்குமா

உரிமக் கட்டணம் பெரும்பாலும் இருக்கை எண்ணிக்கையையும் அமைப்பின் தன்மையையும் வைத்துச் சொல்லப்படும். சிறிய அமைப்பு, இலவச நிகழ்ச்சி என்றால் குறைத்துக் கேட்கலாம். சிலர் கட்டணமே இல்லாமலும் தருவார்கள். ஐம்பது பேர் வரும் ஹாலுக்கு இருநூறு என்று பெருமைக்காக எழுதாதீர்கள். அதற்கேற்ற தொகைதான் வரும்.

மறுத்துவிட்டால் கோபப்பட வேண்டாம். புதிய படம் திரைப்பட விழாக்களைச் சுற்றிக்கொண்டிருந்தால், அந்தப் பகுதியில் முதல் திரையிடல் எங்களிடம்தான் இருக்க வேண்டும் என்று விழாக்காரர்கள் நிபந்தனை போட்டிருப்பார்கள். தொலைக்காட்சிக்கு விற்ற படத்துக்கும் இப்படிக் காலக்கெடு இருக்கும். எப்போது விடுபடும் என்று கேட்டு வைத்துக்கொண்டு, இப்போதைக்கு இரண்டு, மூன்று ஆண்டுப் பழைய படத்துக்குப் போங்கள்.

நெட்ஃபிளிக்ஸ் தன் சொந்த ஆவணப்படங்கள் சிலவற்றுக்கு மட்டும் கல்வி நோக்கில் ஒரு முறை திரையிட அனுமதி தருகிறது. எந்தப் படத்துக்கு உண்டு என்பது அந்தப் படத்தின் விவரப் பக்கத்தில் எழுதியிருக்கும். கட்டணம், நன்கொடை, விளம்பரதாரர் எதுவும் கூடாது. போஸ்டரில் அவர்கள் சின்னம் வரக் கூடாது. சந்தாதாரர் ஒருவரின் கணக்கிலிருந்து நேரடியாக ஓட்ட வேண்டும். கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற, படைப்பாளரே சில நிபந்தனைகளோடு எல்லோருக்கும் அனுமதி தரும் உரிமத்தில் வெளிவந்த படங்களில் 'வணிக நோக்கமற்றது' என்ற நிபந்தனை உங்களுக்குத் தடையில்லை. 'வழிப்படைப்பு கூடாது', அதாவது மாற்றி உருவாக்கக் கூடாது, என்றும் இருந்தால் தமிழ் சப்டைட்டில் சேர்க்கும் முன் கேட்டே ஆக வேண்டும்.

இன்னும் இரண்டு அனுமதிகள் இருக்கலாம். சில நாடுகளில் பொதுத் திரையிடலுக்குத் தணிக்கைச் சான்றோ உள்ளாட்சி அனுமதியோ தேவை. சிலவற்றில் படத்தில் வரும் இசைக்கென ஹால் தனி உரிமம் வைத்திருக்க வேண்டும். ஹால் நிர்வாகத்திடம் கேட்டாலே தெரிந்துவிடும்.

கடைசியாக ஒரு கேள்வி உரிமையாளரிடம்: படத்தில் வரும் பெண்களுக்கு இந்தப் பகுதியில் திரையிடுவதால் ஆபத்து ஏதும் உண்டா? குடும்ப வன்முறை, சாதி, மதம், அரசியல் தொட்ட படங்களில் இது வெறும் சம்பிரதாயக் கேள்வி அல்ல. சில படங்களைக் குறிப்பிட்ட பகுதிகளில் காட்டக் கூடாது என்று படத்தில் உள்ளவர்களே கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

3. சப்டைட்டில்

தமிழ் சப்டைட்டில் ஏற்கெனவே இருந்தால் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் வசனப் பட்டியலையும் ஆங்கில எஸ்ஆர்டி கோப்பையும் (சப்டைட்டில் வரிகளும் அவை வரும் நேரமும் உள்ள கோப்பு) உரிமையாளரிடம் கேட்டு வாங்குங்கள். மொழிபெயர்க்க இரண்டு வாரம் ஒதுக்குங்கள். நேரடியாகப் பெயர்த்தால் தமிழ் வரிகள் திரையை நிரப்பிவிடும். ஒரு சமயத்தில் இரண்டு வரிகளுக்கு மேல் வேண்டாம். சொன்னதெல்லாம் வராவிட்டாலும் சொல்ல வந்தது வந்தால் போதும். முடித்ததும், படத்தைப் பார்க்காத ஒருவரை உட்காரவைத்து ஓட்டிக் காட்டுங்கள். அவர் எங்கே படித்து முடிக்கவில்லையோ அங்கே வெட்டுங்கள்.

கோப்பை யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் சேமிக்க வேண்டும். இல்லையென்றால் தமிழுக்குப் பதில் கேள்விக்குறிகளும் கட்டங்களும் வரும். வீடியோவுக்கும் எஸ்ஆர்டிக்கும் ஒரே பெயர் வைத்து ஒரே ஃபோல்டரில் போட்டால் விஎல்சி என்ற வீடியோ பிளேயர் தானாக எடுத்துக்கொள்ளும். கொம்பும் காலும் இடம் மாறித் தெரிந்தால் விஎல்சி அமைப்பில் தமிழ் எழுத்துரு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

நேரம் பிசகினால் முதலில் அது எந்த வகைப் பிசகு என்று பாருங்கள். தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அளவு முன்பின்னாக இருந்தால் விஎல்சியில் 'ஜி', 'எச்' விசைகளை அழுத்தியே சரிசெய்துவிடலாம். 'ஜி' சப்டைட்டிலை முன்னே இழுக்கும், 'எச்' பின்னே தள்ளும். ஆனால் முதல் நிமிடம் சரியாக இருந்து, போகப் போக விலகினால் பிரச்சினை ஃபிரேம் வேகத்தில். விநாடிக்கு 23.976 ஃபிரேமுக்காகச் செய்த சப்டைட்டிலை 25 ஃபிரேம் பிரதியோடு ஓட்டினால் 90 நிமிடத்தில் ஏறக்குறைய மூன்றே முக்கால் நிமிடம் விலகிவிடும். விசையை எத்தனை முறை அழுத்தினாலும் தீராது. சப்டைட்டில் எடிட் போன்ற மென்பொருளில் ஃபிரேம் வேகத்தை மாற்றிச் சேமிக்க வேண்டும். நடுப்பகுதியையும் கடைசிப் பகுதியையும் ஓட்டிப் பார்க்காமல் "சரியா இருக்கு" என்று யாரும் சொல்ல வேண்டாம்.

வருபவர்களில் பலருக்குப் படிப்பது சிரமம் என்றால் சப்டைட்டிலை நம்பாதீர்கள். வசனப் பட்டியலைத் தமிழில் தயார் செய்து, நல்ல குரலுள்ள ஒருவர் மைக்கில் படத்தோடு சேர்த்து வாசிக்கட்டும். படத்தின் ஒலியை அப்போது சற்றுக் குறைக்கலாம். இரண்டு முறை ஒத்திகை பார்த்தால் போதும், நன்றாக ஓடும். படத்தை நிறுத்தி நிறுத்தி விளக்குவது மட்டும் வேண்டாம்.

4. ஹாலும் திரையும்

தரை சமமான ஹாலில் நடக்கும் திரையிடல்களின் தலையாய தொல்லை, முன்னால் இருப்பவர் தலை சப்டைட்டிலை மறைப்பது. மேசை மேல் திரையை வைத்து, படத்தின் அடிப்பாகம் தரையிலிருந்து இரண்டரை அடியில் இருந்தால் மூன்றாவது வரிசைக்குப் பின்னால் யாருக்கும் ஒரு வரிகூடத் தெரியாது. நாற்காலி போட்டால் படத்தின் கீழ்விளிம்பு தரையிலிருந்து 4 அடிக்குக் குறையக் கூடாது. எல்லோரும் பாயில் உட்கார்ந்தால் 3 அடி போதும். நாற்காலிகளை ஒன்றின் பின் ஒன்றாக வைக்காமல், முன் வரிசையின் இடைவெளிக்கு நேரே பின் வரிசை நாற்காலி வருமாறு மாற்றி மாற்றி வையுங்கள்.

10 அடி அகலத் திரையை எடுத்துக்கொள்வோம். 16:9 விகிதத்தில் அதன் உயரம் ஏறக்குறைய 5.6 அடி. கீழ்விளிம்பு 4 அடியில் என்றால் மேல்விளிம்பு 9.6 அடிக்குப் போகும். கூரை பத்தரை அடியாவது வேண்டும். தாழ்ந்த கூரை என்றால் 8 அடி அகலத்துக்கு இறங்கிவிடுங்கள். படத்தைக் கீழே இறக்குவதைவிட அது மேல். கடைசி வரிசை, படத்தின் உயரத்தைப் போல ஆறு மடங்கு தூரத்துக்குள் இருக்க வேண்டும். இங்கே சுமார் 34 அடி. முதல் வரிசை 10 அடிக்கு முன்னால் வர வேண்டாம். மூன்றடிக்கு ஒரு வரிசை என்றால் எட்டு வரிசை வரும். நடுவில் நடைபாதை விட்டு வரிசைக்கு எட்டு நாற்காலி போட்டால் 64 பேர். நூறு பேர் வருவார்கள் என்றால் திரையும் பெரிதாக வேண்டும்.

சக்கர நாற்காலிக்கான இடத்தைப் பின்மூலையில் ஒதுக்காதீர்கள். நடைபாதையை ஒட்டி நடு வரிசைகளில் ஒரு நாற்காலியை எடுத்துவிட்டால் போதும். சைகை மொழிபெயர்ப்பாளர் இருந்தால் திரையின் ஒரு பக்கம், அவர்மேல் மட்டும் விழும்படி சிறு விளக்கு. கைக்குழந்தையோடு வருபவர்களுக்கு வாசலருகே கடைசி இரு வரிசைகள். கழிப்பறைக்குப் போகும் வழியிலும் வெளியேறும் வாசலிலும் விளக்கு அணையவே கூடாது.

5. புரொஜெக்டர்

வெளிச்சத்தைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். நன்கு இருட்டிய அறையில் சதுர அடிக்கு 16 லூமன் (வெளிச்சத்தின் அலகு) விழுந்தால் திரையரங்க அளவு வெளிச்சம். நம் திரை 56 சதுர அடி. 900 லூமன் போதும். ஆனால் சன்னல் வழியே வெளிச்சம் கசியும் ஹாலில் சதுர அடிக்கு 40, 50 தேவைப்படும். அதாவது 2,800 வரை. பழைய விளக்கும் சிக்கன முறையும் வெளிச்சத்தில் ஒரு பங்கை விழுங்கிவிடும் என்பதால் பகல் காட்சிக்கு 4,000 ஆன்சி லூமனுக்கு (தரப்படுத்திய முறையில் அளந்த லூமன்) குறையாததைக் கேளுங்கள். 'ஆன்சி' என்ற சொல் இல்லாமல் பெட்டியில் அச்சிட்ட லூமன் எண்ணை, குறிப்பாகக் கையடக்கப் புரொஜெக்டர்களில், நம்ப வேண்டாம். இத்தனை செலவுக்குப் பதில் சன்னல்களில் கறுப்புத் துணி கட்டுவது பல நேரம் மலிவு.

எங்கே வைப்பது? புரொஜெக்டரின் 'த்ரோ' விகிதத்தைப் படத்தின் அகலத்தால் பெருக்குங்கள். விகிதம் 1.5 என்றால் 10 அடிப் படத்துக்கு 15 அடி தூரம். நம் ஹாலில் அது இரண்டாவது, மூன்றாவது வரிசைகளுக்கு நடுவே நடைபாதையில் வரும். இதைத் தெரிந்துகொள்ளாமல் நாற்காலி போட்டுவிட்டு, கடைசி நேரத்தில் நான்கு பேரை எழுப்புவது வழக்கமான கூத்து. மேசை உயரம் மூன்று, நான்கு அடி. லென்ஸ் திரையின் நடுவுக்கு நேராக. சரிவாக வைத்துவிட்டு 'கீஸ்டோன்' என்ற திருத்த வசதியைப் போட்டு நிமிர்த்தினால் கோணம் நேராகும், ஆனால் எழுத்துகள் மங்கும். தமிழ்ச் சப்டைட்டிலில் புள்ளி தெரியாமல் போவது அதனால்தான்.

விளக்கு வைத்த பழைய வகையென்றால் படம் முடிந்ததும் பிளக்கைப் பிடுங்காதீர்கள். காற்றாடி நிற்கும் வரை காத்திருங்கள்.

6. கோப்பும் லேப்டாப்பும்

இணையத்திலிருந்து நேரடியாக ஓட்டுவதைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். எம்பி4 கோப்பாக, 1080பி, எச்.264, ஸ்டீரியோ ஒலியோடு கேளுங்கள். விநாடிக்கு 8 மெகாபிட் வீதம் 90 நிமிடப் படம் 5.4 ஜிபி வரும். எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் செய்த பென் டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பு ஏறாது. டிரைவ் காலியாக இருந்தும் 'இடமில்லை' என்பது போல் மறுக்கும். எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றுங்கள். லேப்டாப்பின் டிஸ்க்கில் ஒரு பிரதி, பென் டிரைவில் ஒரு பிரதி.

ஸ்டீரியோ என்று வலியுறுத்தக் காரணம் உண்டு. 5.1 ஒலி (ஆறு சேனல்) உள்ள கோப்பை இரண்டு ஸ்பீக்கரில் ஓட்டினால் இசை முழங்கும், பேச்சு எங்கோ அடியில் கேட்கும். பேச்சு நடுச் சேனலில் இருப்பதுதான் காரணம். ஒலியைக் கூட்டினால் இசைதான் இன்னும் கூடும்.

ஸ்ட்ரீமிங் தளத்திலிருந்து ஓட்டும்போது சப்டைட்டிலும் குரலும் வந்து படம் மட்டும் கறுப்பாக இருந்தால் அது பெரும்பாலும் நகல் பாதுகாப்புப் பிரச்சினை. நடுவில் உள்ள ஸ்ப்ளிட்டர், பழைய அடாப்டர், பழைய புரொஜெக்டர் ஏதோ ஒன்று அதை ஏற்கவில்லை. நேரடி எச்டிஎம்ஐ கேபிளில் மாட்டிப் பாருங்கள். சாதாரண எச்டிஎம்ஐ கேபிள் 10 மீட்டருக்கு மேல் நம்பகமில்லை. ஆப்டிகல் கேபிள் வாங்கினால் அதற்குத் திசை உண்டு. லேப்டாப் பக்கம், திரைப் பக்கம் என்று முனைகளில் எழுதியிருக்கும். மாற்றி மாட்டினால் ஒன்றுமே வராது.

ஸ்லீப், ஸ்கிரீன் சேவர், மென்பொருள் அப்டேட், வாட்ஸ்அப் அறிவிப்பு எல்லாவற்றையும் அணையுங்கள். நூறு பேர் முன் யாருடைய குடும்பச் செய்தியும் திரையில் வரத் தேவையில்லை. சார்ஜரை மாட்டியே வையுங்கள், ஸ்விட்ச் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

7. ஒலி

படம் மங்கலாக இருந்தால் மக்கள் பொறுப்பார்கள். பேச்சு புரியாவிட்டால் பத்தாவது நிமிடத்தில் தங்களுக்குள் பேச ஆரம்பிப்பார்கள். புரொஜெக்டரின் உள் ஸ்பீக்கர் இருபது பேருக்கு மேல் உதவாது. 64 பேர் ஹாலுக்கு ஸ்டாண்டில் நிற்கும் ஆம்ப்ளிஃபையர் உள்ள ஸ்பீக்கர் இரண்டு, சிறு மிக்சர் ஒன்று, கம்பியில்லா மைக் இரண்டு வேண்டும். ஸ்பீக்கர்கள் திரையின் இருபுறமும், தலைக்கு மேல் உயரத்தில், கடைசி வரிசையின் நடுவை நோக்கி இருக்கட்டும்.

எச்டிஎம்ஐ மாட்டியதும் ஒலி தானாகப் புரொஜெக்டருக்குப் போய்விடும். லேப்டாப்பின் ஒலி அமைப்பில் ஹெட்ஃபோன் வழியைத் தேர்ந்தெடுத்து மிக்சருக்குக் கொடுங்கள். சார்ஜர் மாட்டியதும் 'உம்ம்' என்று இரைந்தால் அது எர்த் சிக்கல். லேப்டாப்புக்கும் மிக்சருக்கும் நடுவில் டிஐ பாக்ஸ் என்ற சிறு இணைப்புப் பெட்டி வைத்தால் நின்றுவிடும். எதிரொலிக்கும் ஹாலில் ஒலியைக் கூட்டினால் எதிரொலியும் கூடும். மிக்சரில் அடித்தொனியைக் குறைக்கும் 'லோ கட்' பொத்தானை அழுத்தி, பின்சுவரில் கனத்த திரைச்சீலை தொங்கவிடுங்கள். காலி ஹாலில் சரிபார்க்கும்போது சற்று அதிகமாகவே வையுங்கள், ஆட்கள் நிறைந்தால் ஒலி உறிஞ்சப்படும். மைக் பிடிப்பவர் ஸ்பீக்கருக்கு முன்னால் போகக் கூடாது, கீச்சிடும்.

முந்தைய நாள் அதே ஹாலில், அதே கருவிகளோடு முழு ஒத்திகை அவசியம். கடைசி வரிசையில் உட்கார்ந்து பத்து நிமிடம் பாருங்கள்.

8. அழைப்பு

போஸ்டரில் படத்தின் பெயரைவிட முக்கியமான தகவல்கள் உண்டு: எத்தனை மணிக்கு முடியும், குழந்தைகளுக்கு ஏற்பாடு உண்டா, சப்டைட்டில் எந்த மொழி, பேச வேண்டிய கட்டாயம் இல்லை, யாரும் படம் எடுக்க மாட்டார்கள். முடியும் நேரம் எழுதாத நிகழ்ச்சிக்குப் பெண்கள் வீட்டில் சொல்லிவிட்டு வருவது கஷ்டம்.

போஸ்டரைவிட ஆள் முக்கியம். ஒவ்வொரு குழுவிலும் ஒருவரைப் பிடித்து, "நீங்க உங்க கூட அஞ்சு பேரைக் கூட்டிட்டு வாங்க" என்று சொல்வதே நடைமுறையில் ஹாலை நிரப்பும். துணையோடு வந்தவர்கள் பேச்சு முடியும்வரை இருப்பார்கள். இலவச நிகழ்ச்சிக்குப் பதிவு செய்தவர்கள் எல்லோரும் வரமாட்டார்கள் என்பதால் இருக்கையைவிடச் சற்று அதிகமாகவே பதிவு வாங்கலாம். முந்தைய நாள் ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள்.

ஆண்களை அழைப்பதா? தலைப்பைப் பொறுத்தது. ஊராட்சி, சங்கம், வேலை என்றால் கலந்த கூட்டம் நல்லது. உடல், வன்முறை என்றால் முதல் காட்சி பெண்களுக்கு மட்டும் வைத்து, வேண்டுமானால் இன்னொரு நாள் எல்லோருக்கும் போடுங்கள். உரிமத்தில் இரண்டு காட்சிகள் என்று முன்பே கேட்டிருக்க வேண்டும்.

குழந்தைகள் அறையில் எப்போதும் பெரியவர்கள் இருவர். ஒருவர் மட்டும் தனியாக இருக்கக் கூடாது. வரும்போது பெயர் எழுதி, விட்டவரிடமே திருப்பித் தர வேண்டும்.

9. அன்றைய நாள்

மாலை 5 மணிக் காட்சி என்றால் ஏறக்குறைய இப்படி:

2.30 கருவிகள் மாட்டுதல், கேபிள்களைத் தரையோடு டேப் ஒட்டுதல்
3.30 படத்தின் தொடக்கம், நடு, முடிவு ஓட்டிப் பார்த்தல்
4.30 வாசல் திறப்பு
5.05 வரவேற்பு, மூன்றே நிமிடம்
5.10 படம்
6.25 ஐந்து நிமிட மௌனம், தண்ணீர்
6.30 கலந்துரையாடல்
7.10 முடிவு

படத்துக்கு முன் உரைகள் வேண்டாம். சிறப்பு விருந்தினர், பொன்னாடை, வாழ்த்துரை என்று அரை மணி போனால், அந்த அரை மணியை கலந்துரையாடலிலிருந்துதான் எடுப்பீர்கள். வரவேற்பில் சொல்ல வேண்டியவை நான்குதான்: படம் எதைப் பற்றியது, எந்த மாதிரிக் காட்சிகள் வரும், எழுந்து போக நினைத்தால் எந்த வாசல், போனில் பதிவு செய்ய வேண்டாம்.

10. கலந்துரையாடல்

படம் முடிந்து விளக்கைப் பளிச்சென்று போடாதீர்கள். பெயர்கள் ஓடட்டும், பாதி வெளிச்சம் வரட்டும். கண்ணைத் துடைத்துக்கொள்ள ஆட்களுக்கு நேரம் வேண்டும்.

"படம் எப்படி இருந்தது?" என்று கேட்டால் "நல்லா இருந்தது" என்ற பதிலோடு பேச்சு செத்துவிடும். "எதைக் கற்றுக்கொண்டீர்கள்?" என்பது அதைவிட மோசம், பள்ளிக்கூடம் போல் ஆகிவிடும். ஏற்கெனவே தேர்ந்து வைத்த காட்சியில் தொடங்குங்கள். "கூட்டத்திலிருந்து அவர் எழுந்து வெளியே போனாரே, அந்த இடத்தில் நீங்கள் இருந்தால் போயிருப்பீர்களா, இருந்திருப்பீர்களா?" இப்படிக் கேட்டுவிட்டு உடனே மைக்கை நீட்டாதீர்கள். பக்கத்தில் இருப்பவரோடு மூன்று நிமிடம் பேசச் சொல்லுங்கள். தனியே எழுந்து பேசத் தயங்குபவர்களும் பக்கத்தவரிடம் சொல்லிப் பார்த்த பிறகு பேசுவார்கள். ஹால் சத்தமாகும், அது நல்ல அறிகுறி.

அடுத்த கேள்வி தலைமையைத் தொடலாம்: "இந்த முடிவை உண்மையில் யார் எடுத்தது? வெளியே பேர் யாருக்குப் போனது?" மூன்றாவது, இங்கே: "நம்மிடையே இப்படி ஒரு காரியம் நடக்க வேண்டுமானால் முதலில் யாரைப் போய்ப் பார்க்க வேண்டும்?" இந்த மூன்றுக்கே நாற்பது நிமிடம் போதாது.

நெறியாளர் ஒருவர் மட்டும். முடிந்தால் அந்தக் கூட்டத்துக்குத் தெரிந்த பெண். நிபுணர் வந்தால் ஐந்து நிமிடம், அதுவும் நடுவில் அல்லது கடைசியில். முதலிலேயே அவர் பேசிவிட்டால் மற்றவர்கள் தங்களுக்குத் தெரியாது என்று அடங்கிவிடுவார்கள்.

என்ன கெடும்? ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு உரையாற்றுவார். மைக்கை யாரிடமும் கொடுக்காமல் தன்னார்வலரே பிடித்துக்கொண்டிருந்தால் பாதிப் பிரச்சினை தீரும். மீதிக்கு, "அருமையான கருத்து, இந்தப் பக்கமிருந்தும் கேட்போம்" என்று நகர்ந்துவிடலாம். கலந்த கூட்டத்தில் முதல் மூன்று பேரும் பெண்களாக இருக்கட்டும். முதலில் ஆண்கள் பேசிவிட்டால் அந்தத் தொனியே தொடரும். "இதெல்லாம் இங்கே நடக்காது" என்று யாராவது சொல்வார். மறுத்து வாதாடாமல் கூட்டத்திடமே திருப்புங்கள்: "அப்படியா, மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?"

இன்னொன்று வேறு வகை. ஒரு பெண் தன் சொந்த அனுபவத்தைச் சொல்லத் தொடங்கி உடைந்துபோகலாம். அப்போது கேள்வி மேல் கேள்வி கேட்கக் கூடாது, கைதட்டவும் கூடாது. நன்றி சொல்லி, வேண்டிய மட்டும் சொல்லட்டும் என்று விட்டு, முன்பே நியமித்த ஒருவர் அவரோடு தனியறைக்குப் போக வேண்டும். உதவி எண்கள், சட்ட உதவி, ஆலோசனை மையம் அடங்கிய சிறு சீட்டை எல்லோருக்கும் பொதுவாகக் கொடுங்கள். அழுதவருக்கு மட்டும் கொடுத்தால் எல்லோர் பார்வையும் அவர்மேல் விழும். கைப்பையின் மூலையில் போகும் அளவில் சீட்டு இருப்பது நல்லது. எண்கள் வேலை செய்கின்றனவா என்று அந்த வாரமே ஒருமுறை கூப்பிட்டுப் பாருங்கள்.

நேரலை, புகைப்படம் இரண்டும் கலந்துரையாடலில் வேண்டாம். அமைப்பின் அறிக்கைக்குப் படம் தேவையென்றால் காலி ஹாலையோ பின்னாலிருந்து தெரியும் தலைகளையோ எடுத்துக்கொள்ளலாம்.

11. முடிந்த பிறகு

கருத்துப் படிவத்தில் மூன்று கேள்விகள் போதும்: மனத்தில் நின்ற காட்சி எது, வருவதற்கு எது கஷ்டமாக இருந்தது, அடுத்து எதைப் பற்றிப் படம் வேண்டும். இரண்டாவது கேள்விதான் அடுத்த முறைக்கு உதவும். எழுத விரும்பாதவர்களிடம் வாசலில் ஒருவர் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். கடைசிப் பத்து நிமிடத்துக்கு முன் எத்தனை பேர் கிளம்பினார்கள் என்று எண்ணி வையுங்கள். அந்த எண்ணிக்கை பெரிதாக இருந்தால் அடுத்த காட்சியை ஒரு மணி நேரம் முன்னால் நகர்த்துங்கள்.

ஒரு வாரத்துக்குள் உரிமையாளருக்கு எழுதுங்கள்: எத்தனை பேர் வந்தார்கள், என்ன கேட்டார்கள், எந்தக் காட்சியில் சிரிப்பு வந்தது, எதில் அமைதி விழுந்தது. நீங்கள் செய்த தமிழ்ச் சப்டைட்டில் கோப்பையும் அனுப்பினால் அடுத்து அந்தப் படத்தைக் கேட்கும் அமைப்புக்கு அது தயாராகக் கிடைக்கும். உங்களுக்குத் தந்த படக் கோப்பை லேப்டாப்பிலும் பென் டிரைவிலும் அழித்துவிட்டு, அழித்தாயிற்று என்ற ஒரு வரியையும் அதே கடிதத்தில் சேர்த்துவிடுங்கள்.